முதுகுக்கு ஊசி, முகத்துக்குக் கேடு

முதுகில் ஊசி போட்டு என் முகத்தைக் கெடுத்துவிட்டார் சார், உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷன். ஆமாம், அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான். ஏசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர் மாதிரி. ஒரு மாட்டு வியாபாரியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எப்படித்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடிகிறதோ!

நீங்கள் முதல் தடவையா? தெரிகிறது. பாதி உடம்பை வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், மீதிப் பாதி அந்தரத்தில் நிற்கிறது. மடியில் ஸ்கேன் கவர். இடது காலா? இடுப்பில் கிளம்பி, கெண்டைக்கால் வழியாக இறங்கி, கட்டைவிரலில் போய்ச் சுண்டுகிறதா? நானும் இதே பெஞ்சில் அப்படித்தான் இருந்தேன். பயப்படாதீர்கள். ஊசி ஒன்றும் செய்யாது, கட்டெறும்பு கடிக்கிற மாதிரிதான். அதற்கப்புறம் நடப்பதுதான் விஷயம். கேளுங்கள், உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நர்ஸம்மா பேனா தேடுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?

என் பெயர் வெள்ளைக்கண்ணு. மணப்பாறைச் சந்தையில் போய் வெறும் வெள்ளைக்கண்ணு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'கடுகடு வெள்ளைக்கண்ணு' என்று கேட்க வேண்டும். கையில் ஒரு மாட்டுக்கயிறு, அதைத் தவிர வேறு சொத்தில்லாமல் அந்தச் சந்தைக்குள் நுழைந்தவன் நான். பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு தரகன் பொய் சொல்லி ஏமாற்றினான், அது ஒரு பாடம். இன்னொருத்தன் கன்னத்தில் அறைந்தான், அது இன்னொரு பாடம். ஒரு காளை உதைத்தது, அதுதான் பரீட்சை. அப்படித் தேறி வந்தவனை யாராவது ஏமாற்றப் பார்த்தால் கோபம் வருமா வராதா? வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

எங்கள் வியாபாரம் வாயால் நடக்காது சார். கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோம். எந்த விரலை எப்படிப் பிடித்தால் என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வாய் அது பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அப்போது எதிராளி எதைப் பார்ப்பான்? முகத்தைத்தான் பார்ப்பான். முகம்தான் சார் எங்களுக்குக் கடை.

இந்த முதுகு கெட்டது ஒரு செவலைப் பசுவால். லாரியில் ஏற்றும்போது பின்னால் எகிறி, என்னைப் பலகையோடு பலகையாக அமுக்கிவிட்டது. எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை மிதித்துக்கொண்டு நிற்கிறது என்று படம் பிடித்துச் சொன்னார்கள். நரம்பை மிதிப்பது அந்தப் பசு இல்லை, என் சொந்த மெத்தைதான்! சொந்த வீட்டிலேயே துரோகம்.

உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவேன். பேருந்தில் காலி சீட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒருத்தர் தும்மினால், எனக்கும் தும்மல் வந்துவிடுமோ என்று நடுங்குவேன். வீட்டில் தட்டு ஒரு பக்கம் பறக்கும், டம்ளர் ஒரு பக்கம் பறக்கும். என் பெண்சாதி பிச்சாயி அடுப்படியிலேயே சாப்பிட்டு அடுப்படியிலேயே படுத்துக்கொள்வாள். நான் கூப்பிட்டால் "என்னங்க" என்று கதவு இடுக்கில்தான் குரல் வரும், ஆள் வராது.

ஆனால் சார், அந்தக் காலத்தில்தான் என் வியாபாரம் உச்சத்தில் இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. திறமை என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் பாதி திறமைதான் என்று சொல்லுவேன்.

பிச்சாயிதான் இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் வேண்டாம், முதலில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் இந்த டாக்டர். தண்டுவடத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். அந்த உறைக்கு வெளியே, நரம்பு கிளம்புகிற இடத்தில், வீக்கம் வடிகிற மருந்தை விடுவார்களாம். சரி, நல்ல சரக்குதான். ஆனால் சரக்கு என்றால் விசாரிக்க வேண்டுமா வேண்டாமா?

"கியாரண்டி உண்டா டாக்டர்?"

"கியாரண்டி சொல்ல முடியாதுங்க. சிலருக்கு மாசக்கணக்குல நல்லா இருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள்தான். சிலருக்குப் பலனே இல்லாமலும் போகலாம். வலி குறையுற நேரத்துல நீங்க உடற்பயிற்சி பண்ணி முதுகைப் பலப்படுத்திக்கணும். கனம் தூக்கக் கூடாது."

"மாடு விக்கிறவனே ரெண்டு வேளை கறந்து காட்டித்தான் விக்கிறான். நீங்க கறக்கவே மாட்டேங்கிறீங்களே?"

பிச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். நான் விடுவேனா? டாக்டர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். பழக்கம் சார், கை தானாகப் போகிறது. மெத்தென்ற கை. இந்தக் கையா என் முதுகெலும்புக்குள் வழி கண்டுபிடிக்கப் போகிறது என்று சந்தேகமாக இருந்தது. நடுவிரலைப் பிடித்து அமுக்கினேன். மனுஷன் சிரிக்கிறார்! "என்ன பேரம் பேசுறீங்கன்னே எனக்குப் புரியலையே" என்கிறார். புரியாதவரிடம் பேரம் பேசித் தோற்றது அன்றைக்குத்தான்.

சுகர் இருக்கா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, நர்ஸம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். உங்களையும் கேட்பாள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் "சுகர் கொஞ்சூண்டு" என்றேன். "கொஞ்சூண்டுன்னா எவ்வளவு?" என்றாள். அங்கேயும் பேரம் நடக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்துவிட்டாள்.

குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் தலையணை. தலைக்கு மேலே வளைந்த ஒரு மெஷின். பக்கத்து டிவியில் என் எலும்பு தெரிகிறது. என் வீட்டு டிவியில்கூட அவ்வளவு தெளிவாகப் படம் வராது. மரக்க ஒரு சின்ன ஊசி. அப்புறம் பெரியது. உள்ளே ஏதோ அழுத்துகிறது, அவ்வளவுதான். "கால்ல இறங்குதா?" என்றார். "இறங்குது." "வழக்கமா வலிக்கிற அதே வழியா?" "அதே வழி, அதே ஸ்டாப்பு!" என்றேன். "அப்ப சரியான இடம்தான்" என்றார்.

எழுந்து நின்றேன். வலி இல்லை.

சார், இல்லை! காலைத் தரையில் ஊன்றினால் தரைதான் இருக்கிறது. கால் கொஞ்சம் மரத்துப்போய் வேறு யாரோ கால் மாதிரி இருந்தது, இருந்தால் என்ன? வாட்ச்மேனுக்கு சல்யூட் அடித்தேன். லிஃப்டில் வந்த முன்பின் தெரியாத ஆளிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டேன். பிச்சாயி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் விழுந்துவிடுவேன் என்றா, பறந்துவிடுவேன் என்றா, தெரியவில்லை.

சாயங்காலம் வீடு போய்ச் சேருவதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. வந்ததே, சும்மா வந்ததா? ஊசி குத்தின இடத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! சந்தையில் ஒரு திருட்டு வேலை உண்டு. மாட்டைக் கறக்காமல் பால் கட்ட விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டி விற்றுவிடுவான். வாங்கினவன் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் கறந்தால் சொம்பு நிறையாது. எனக்கே மடி பெருக்கிக் காட்டிவிட்டார்கள்! போனைப் போட்டேன். நான் பேசினதை இங்கே பெண்கள் உட்கார்ந்திருப்பதால் சொல்ல முடியாது. முழுசும் கேட்டுவிட்டு மனுஷன் நிதானமாகச் சொல்கிறார்: "காலைல உங்களுக்கு வலி போனது மரக்கிற மருந்தால. அது சில மணி நேரந்தான் நிக்கும், கிளம்பும்போதே சொன்னேன். வீக்கம் வடியுற மருந்து வேலை செய்யச் சில நாள் ஆகும். பொறுங்க."

சொன்னாராம். நான் அப்போது வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பொறுத்தேன். ஒரு நாள் விடிந்தது. படுக்கையில் புரண்டேன். எங்கேயோ ஏதோ குறைகிறது. வீட்டில் எதையோ காணவில்லை என்கிற மாதிரி ஒரு எண்ணம். எழுந்து உட்கார்ந்து தேடினேன். இடுப்பில் தேடினேன், தொடையில் தேடினேன், கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். வலியைக் காணோம்! இந்தத் தடவை கால் மரக்கவும் இல்லை, என் கால் என் கால்தான்.

சீப்பைக் கீழே போட்டேன். குனிந்து எடுத்தேன். மறுபடியும் போட்டேன். எடுத்தேன். பிச்சாயி ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஊசி தலைக்கு ஏறிருச்சா?" என்று கத்தினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அதற்கு இன்னும் பயந்துபோனாள். அன்றைக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீயும் உட்காரு" என்றேன். அவள் உட்காரவே யோசித்தாள், தட்டு பறக்குமோ என்று. பறக்கவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவளுக்குப் புரையேறிவிட்டது.

இதுவரைக்கும் நல்ல கதைதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. சந்தைக்குப் போனேன்.

மாட்டுக்கு வயசு பார்க்க வேண்டுமென்றால் குனிந்து வாயைப் பிளந்து பல்லைப் பார்க்க வேண்டும். குனிந்தேன். ஆகா! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி குனிகிறது இடுப்பு. நிமிர்ந்தேன். அந்தச் சுகம் பொறுக்காமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். அப்புறம் பக்கத்து மாடு. அது எனக்குத் தேவையே இல்லாத கிழட்டு மாடு, அதன் பல்லையும் பார்த்தேன். எதிர்வரிசையில் ஒரு எருமை. எருமை வாங்குகிற வழக்கமே எனக்குக் கிடையாது. அதையும் விடவில்லை, இரண்டு தடவை குனிந்தேன்.

சந்தையில் ஒரே மாட்டின் பல்லை இரண்டாம் தடவை பார்த்தால் என்ன அர்த்தம் தெரியுமா சார்? அவனுக்கு அந்த மாடு இல்லாமல் இன்றைக்குச் சோறு இறங்காது என்று அர்த்தம். அவ்வளவுதான், விலை கொம்பில் ஏறி நின்றுகொண்டது. துண்டுக்குள் கையைக் கொடுத்தேன். எருமைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். விரலை இறக்கவே மாட்டேன் என்கிறான்!

"என்னண்ணே, பந்தி விசாரிக்கிற பொண்ணு வீட்டுக்காரர் மாதிரி சிரிக்கிறீங்க?"

நான் சிரிக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடக்கினால் அடங்கவில்லை. அந்த எருமையைச் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். ஆமாம், எருமையை. இப்போது வீட்டில் நிற்கிறது. பிச்சாயி அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

அமல்தாஸ் என்று ஒருத்தன், என் கூட வியாபாரம் பார்க்கிறவன், என்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிறவன். டீக்கடையில் வைத்து அவன்தான் போட்டு உடைத்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இத்தனை நாளா நாங்க உங்க வாய்க்கா பயந்தோம்? மூஞ்சிண்ணே! பல்லைப் பார்க்கக் குனிவீங்க பாருங்க, அப்ப ஒரு மூஞ்சி வரும். கண்ணு சொருகி, வாய் கோணி… மாடு விக்க வந்தவன் அவனே குனிஞ்சு பல்லைப் பார்ப்பான். நம்ம மாட்டுப் பல்லுல நமக்கே தெரியாம என்னமோ இருக்குடான்னு நீங்க நிமிர்றதுக்குள்ள பாதி விலைக்கு வந்துருவான். துண்டுக்குள்ள வேற, திடீர்னு விரலை ஒடிக்கிற மாதிரி ஒரு பிடி பிடிப்பீங்க. அதோட மிச்சமும் இறங்கிரும்."

"அடேய், அது வலிடா!"

"எதா இருந்தா என்னண்ணே, வியாபாரம் ஆச்சில்ல?"

லாரிக் கண்ணாடியைப் பார்த்து அந்த மூஞ்சியை வரவழைக்க முயற்சி பண்ணினேன் சார். கண்ணைச் சொருகினேன், வாயைக் கோணினேன். டிரைவர் இறங்கி வந்து, "பல்வலியா பெருசு? கிராம்பு வச்சு அடக்குங்க" என்றான். இது என்ன கொடுமை!

பால் பண்ணை வைத்திருக்கிற நல்லுசாமி என்று ஒருத்தர். அவர் பண்ணைக்கு வருஷா வருஷம் மாடு பிடித்துக் கொடுப்பது நான்தான். அந்த ஒரு மனுஷனை நம்பித்தான் என் அடுப்பு எரிகிறது. என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளைக்கண்ணு, உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டா நானே கூடக் குடுத்துருவேன் போலிருக்கே. முகம் சரியானா சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, அமல்தாஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பிச்சாயியிடம் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "இந்த ஊசியால என் பேரே போச்சுடி!" என்றேன். அவள் எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "சந்தையில அந்த மூஞ்சிய வச்சு நீங்க சம்பாதிச்சீங்க. அதே மூஞ்சிய வீட்ல நான்தானே பார்த்தேன்."

அவளுக்கு வியாபாரம் தெரியாது சார்.

டாக்டருக்குப் போன் பண்ணி நியாயம் கேட்டேன். முழு வலியும் வேண்டாம். பல் பார்க்கக் குனியும்போது மட்டும், மின்னல் மாதிரி, ஒரு வெட்டு. அதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "வலியைத் திருப்பித் தர என்கிட்ட ஊசி இல்லையே வெள்ளைக்கண்ணு! எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்கிறார். பேச்சை மாற்றுகிறார் பார்த்தீர்களா? அவர் சொன்ன எக்சர்சைஸ் எல்லாம் மல்லாந்து படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது. எருமையை லாரியிலிருந்து இறக்கும்போது நான் தூக்காத இடுப்பா? அதையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நேற்றுவரைக்கும் இந்தச் சண்டைதான். இன்றைக்குக் காலையில் நடந்ததைக் கேளுங்கள்.

இன்றைக்குச் சந்தை. பஸ் ஸ்டாண்டில் நானும் அமல்தாஸும் நிற்கிறோம். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தேன். வெட்டியது சார்! இடுப்பில் கிளம்பி, அதே வழி, கட்டைவிரல் வரைக்கும். அப்படியே நின்றுவிட்டேன். அமல்தாஸ் என் முகத்தைப் பார்த்தான். அவன் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! குதிக்கிறான்!

"அண்ணே, வந்துருச்சுண்ணே! மூஞ்சி வந்துருச்சு! இப்படியே அசையாம வச்சுக்கங்க. நல்லுசாமி சந்தையிலதான் நிக்கிறாரு, இப்பவே போய்க் காட்டிருவோம்!"

கையைப் பிடித்து இழுக்கிறான். சந்தைக்குப் போகிற பஸ் முன்னால் நிற்கிறது. எனக்கும் சந்தோஷம்தான் சார். ஏன் இருக்காது? பேர் திரும்பி வந்துவிட்டது, நல்லுசாமி திரும்பி வந்துவிடுவார். கடுகடு வெள்ளைக்கண்ணு வந்துவிட்டான் என்று நாலு பேர் ஒதுங்கி வழிவிடுவார்கள். அத்தனையும் சரிதான். ஆனால் பின்னால், இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற திருச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கால்தான் ஏறியது. அமல்தாஸ் ஜன்னலுக்குக் கீழே ஓடி வந்து, "அண்ணே, அந்தப் பஸ்ஸு இல்லண்ணே! சந்தைக்கு இது!" என்று கத்துகிறான். எனக்குத் தெரியாதா சந்தைக்கு எந்த பஸ் என்று?

ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்களா? நியாயம் கேட்கத்தான் வந்தேன். வேறெதற்கு? பிச்சாயியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதற்காக இல்லை, அவள் போனால் போகட்டும், எனக்கென்ன? அந்த நர்ஸம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "போன தடவை போட்டு ரொம்ப நாள் ஆகலையே. கேக்கும்போதெல்லாம் போட மாட்டாரு. எக்சர்சைஸ் பண்ணீங்களான்னுதான் முதல்ல கேப்பாரு." பண்ணினேன் என்று சொல்லம்மா என்றேன். முறைக்கிறாள்.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் சார், எழுந்திருக்கணும். ம்ம்… இல்லை, பிடிக்க வேண்டாம், விடுங்கள்.

டாக்டரே! உள்ள இருக்கிற டாக்டரே! கதவைத் திறங்க! பாதி வழியில இறக்கிவிட்டா என்ன அர்த்தம்? என்னைச் சிரிக்க வச்சது நீங்க, ரசம் நல்லாருக்குன்னு சொல்ல வச்சது நீங்க, இப்ப இடைவெளி வேணும், பொறுக்கணும்னா பிச்சாயிக்கு யாரு பதில் சொல்றது? நல்லுசாமி அமல்தாஸோடயே போகட்டும், நான் எருமை கறந்து பிழைச்சுக்கிறேன். இடுப்பைத் தூக்கணுமா? தூக்குறேன், இப்பவே, இந்த வராண்டாவுலயே மல்லாந்து தூக்கிக் காட்டுறேன், எல்லாரும் பாருங்க! கனம் தூக்கக் கூடாதா? ஒரு சொம்புகூடத் தூக்க மாட்டேன். இந்தாங்க, துண்டைக் கீழ போட்டுட்டேன், கை வெளியிலதான் இருக்கு. பேரம் கிடையாது. நீங்க சொன்னதுதான் விலை. வந்து என்னைச் சரி பண்ணி அனுப்புங்க!